மரை

இரவெல்லாம் நிலவறையில்
யாரோ பல்லிடுக்கில் மூச்சு விடுவதுபோல்
வாயு போய்க்கொண்டிருந்தது.
சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன்.
மூடியில் குமிழி இல்லை. குழாயில் இல்லை.
பீர் வெளிவரும் முனையின் கழுத்தில் மட்டும்
ஒன்று பெருத்து, உடைந்து,
மறுபடி பெருத்தது.

பத்தொன்பது லிட்டர் ஸ்டவுட்.
வறுத்த பார்லி, கொஞ்சம் ஓட்ஸ்,
அடுப்பருகே நான் நின்று தீர்த்த ஒரு முழுச் சனிக்கிழமை,
பிறகு ஆறு வாரம்.
எல்லாம் இப்போது
சுண்டுவிரல் நகமளவு வால்வின் தயவில்.

பீப்பாய் பழையது.
எழுபதுகளில் குளிர்பானக் கம்பெனிக்குச் செய்து கொடுத்தவர்கள்
பட்டறையை மூடிப் பெயரை விற்றார்கள்.
வாங்கியவனும் மூடிவிட்டான்.
எஃகுக்கு அதெல்லாம் தெரியாது.
அது பாட்டுக்கு இருக்கிறது.

டுலூத்தில் பீர் காய்ச்சும் சாமான் விற்ற கடை
இப்போது நாய்களுக்கு முடி வெட்டுகிறது.
குழாய்ச் சாமான் கடையில் க்லேட்டன்
சீப்பு மாதிரி ஓர் அளவுகோலை முனையில் வைத்துப் பார்த்தான்.
"அங்குலத்துக்குப் பதினெட்டு மரை.
என்னிடம் இருப்பதெல்லாம் பதினாலு.
இரண்டு சுற்று ஏறும். மூன்றாவதில் சண்டை."

ஹிப்பிங்கில், சுரங்க லாரிகளுக்கு
ரப்பர் வளையம் விற்கும் ட்ருடி சொன்னாள்:
"டீசலை நாற்பது வருஷம் தாங்கும்."
பீரை?
மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.
"பீர்தான் இதைத் தாங்காது."

முக்குளிப்போர் கடையில் வளையம் கிடைத்தது.
ஸ்பிரிங் கிடைக்கவில்லை.
பேனாவைப் பிரித்து அதன் ஸ்பிரிங்கை வெட்டி வைத்தேன்.
ஒரு நாள் நின்றது.
மறுநாள் காலை
நிலவறைச் சுவர் முழுக்க பீர் எழுதியிருந்தது.

ஒரு பீப்பாய்க்காக இப்படி அலைகிறவளை
மரை கழண்டவள் என்பார்கள்.
சொல்கிறவர்கள்
கழண்டதை எண்ணிப் பார்த்திருக்கிறார்களா?
அங்குலத்துக்குப் பதினெட்டு.

சரி, உண்மையைச் சொல்கிறேன்.
அது எங்கே இருக்கிறது என்று
முதல் நாளே எனக்குத் தெரியும்.
விவாகரத்துப் பட்டியலில் நாற்பத்தோராவது வரி:
பீப்பாய் இரண்டு, ஆளுக்கொன்று.
சிவப்புக் காபி டப்பா பட்டியலில் இல்லை.
உதிரி வால்வு, முனை, வளையம், ஸ்பிரிங்
எல்லாவற்றோடும் அது
ஆர்னேயின் கார் கொட்டகையில் போய் உட்கார்ந்தது.
நாலு வருஷம். முப்பத்தெட்டு மைல்.
ஹிப்பிங் அதைவிடத் தூரம்.

செய்தி அனுப்பினேன். வணக்கம் போடவில்லை.
"பதினெட்டு மரை, நீள வால்வு. இருக்கிறதா?"
பதினோரு நிமிஷத்தில் பதில்:
"இருக்கிறது. உன்னிடம் மூடி இருக்கிறதா?
என்னுடையது கோணல். நாலு வருஷமாக
மேலே ஏறி மிதித்து மூடுகிறேன்."

இருந்தது.
சமையலறை ஜன்னலில் கவிழ்த்துப் போட்டு
அதில் பூண்டு வைத்திருந்தேன்.

க்ளோகே பெட்ரோல் பங்கில் இரண்டு வண்டியும்
எஞ்சின் அணைக்காமல் நின்றன.
ஏரிக்காற்று அங்கே வரைக்கும் வருகிறது.
அவன் கொடுத்த பையில் மூன்று வால்வு,
ஒன்றில் ஏற்கெனவே மசகு தடவியிருந்தது.
மூடியை வாங்கி முகர்ந்தான்.
"பூண்டு," என்றான்.
"கொதிக்க வை," என்றேன்.
கதவைச் சாத்தப் போனவன்
இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு ஸ்பேனரை எடுத்து நீட்டினான்.
"உன்னுடையது முனையைக் கடித்துவிடும். இதில் திருப்பு."
திருப்பிக் கொடு என்று சொல்லவில்லை.
கொடுக்க வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

பதினெட்டு மரையும் விரலாலேயே ஏறின.
கடைசிக் கால் சுற்றுக்குத்தான் ஸ்பேனர்.
சோப்புத் தண்ணீர் தடவிவிட்டு
படியில் உட்கார்ந்திருந்தேன்.
குமிழி வரவில்லை.
இன்னொரு முறை தடவினேன், நம்பாமல்.

ஸ்டவுட் கொஞ்சம் தீய்ந்துதான் இருந்தது.
ஸ்பேனர் மேசைமேல் கிடக்கிறது,
அரைக் கிலோ இருக்கும்,
எந்தப் பட்டியலிலும் வரி இல்லாமல்.